மார்கழியில் தூங்கும் மல்லி

பொங்கல் நெருங்கினால் மல்லி விலை மலையேறுகிறது. காரணம் தேடி மண்டிக்குப் போனால், மண்டி செடியைக் கைகாட்டுகிறது.

போகிக்கு முந்தைய நாள். விடிய இன்னும் நேரம் இருக்கிறது. மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வந்து நிற்கிறது. ஓட்டி வந்தவர் மஃப்ளரை அவிழ்க்காமலே காலிடுக்கிலிருந்து ஒரு பாலித்தீன் பையை எடுக்கிறார். கோடையில் இதே வண்டியில் முன்னால் ஒரு சாக்கு, பின்னால் ஒரு சாக்கு கட்டியிருக்கும். இன்றைக்கு இந்தப் பை மட்டும்தான். கமிஷன் கடைக்காரர் பைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, விரலிடுக்கு வழியே உதிர விடுகிறார். பனி ஈரம் ஏறியிருக்கிறதா, மொட்டு சிறுத்திருக்கிறதா, அடியில் ஊதா பூத்திருக்கிறதா, எல்லாம் அந்த ஒரு பிடியில் தெரிந்துவிடும். தராசில் எண் நிற்பதற்குள் சுற்றிலும் ஏழெட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். தெருவில் சரம் கட்டி விற்கிறவர்கள். விலையைக் கேட்டுவிட்டு யாரும் வாங்காமல் நிற்கிறார்கள். இன்னும் நாலு வண்டி வந்தால் கொஞ்சம் இறங்காதா என்று வாசலைப் பார்க்கிறார்கள். வருகிற வண்டியில் செவ்வந்தி இருக்கிறது, சம்பங்கி இருக்கிறது, அரளி இருக்கிறது. மல்லி இல்லை.

ஒவ்வொரு தையிலும் இதே கதைதான். கிலோ 3,000 ரூபாயைத் தொட்ட பொங்கல்கள் உண்டு. "பனியால் வரத்து குறைவு" என்று செய்தியில் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நம்முடைய பொங்கலும் முதல் முகூர்த்தங்களும் வருகிற நேரத்தில்தான் மல்லிச் செடி தூங்குகிறது. செடியின் பஞ்சாங்கம் ஒன்று, நம்முடையது வேறு. இரண்டுக்கும் நடுவில் விழுகிற பள்ளத்தை யாராவது தன் கைக்காசு போட்டுத்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது. அது பெரும்பாலும் நாம் நினைக்கிற ஆள் இல்லை.

இலை கொட்டினால் செத்துப்போச்சா?

குண்டுமல்லி முழுக்க இலை உதிர்த்து மொட்டையாக நிற்கிற செடி அல்ல. ஆண்டு முழுக்க அசராமல் பச்சையாக நிற்கிற செடியும் அல்ல. வெப்பம் குறையாதவரை இலை நிற்கும். ஐப்பசி மழையில் நனைந்து, கார்த்திகை பிறந்து இரவுக் காற்று குளிர்ந்ததும் அடி இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழ ஆரம்பிக்கும். நுனி வளராது. இருக்கிற ஒன்றிரண்டு மொட்டும் சிறுத்து, கெட்டியில்லாமல் இருக்கும். பகல் நீண்டு வெயில் ஏற ஏறச் செடி விழிக்கும். மாசியில் தளிர் திமிறும். பங்குனி தொடங்கி ஆனி வரை கொட்டோ கொட்டென்று கொட்டும். அதன் பிறகும் அக்டோபர் வரை விட்டு விட்டுப் பூக்கும்.

மாடியில் ஒரு தொட்டி வைத்திருப்பவர்கள் பதறுவது இந்தக் கார்த்திகை, மார்கழியில்தான். இலை கொட்டுகிறதே என்று தண்ணீரைக் கூட்டுவார்கள், கடையில் கிடைத்த உரத்தையெல்லாம் வாங்கிப் போடுவார்கள். தூங்குகிற பிள்ளையை எழுப்பிச் சோறூட்டுகிற காரியம் அது. வேலை செய்யாத வேரில் தண்ணீர் தேங்கி, செடி உண்மையிலேயே செத்துப்போவது அதற்குப் பிறகுதான்.

வெட்டுகிற கைக்குத்தான் பூ

மல்லி பழைய கட்டையில் பூக்காது. புதிதாக ஓடுகிற தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். இந்த ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் செடி வளர்ப்பில் பாதி வேலை முடிந்தது. தளிர் நிறைய வேண்டுமென்றால் வெட்ட வேண்டும். எப்போது வெட்டுகிறோமோ, அதை வைத்துத்தான் எப்போது பூக்கும் என்பதும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு தெளிவானது. குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்ய வேண்டும். ஜாதிமல்லிக்கும் முல்லைக்கும் ஜனவரி கடைசி. கவாத்துக்கு முன் சில நாள் தண்ணீரை நிறுத்திக் காயப் போடுவார்கள். காய்ந்த குச்சி, நோய்ப்பட்ட கிளை, உள்பக்கமாக வளைந்து காற்றை மறிக்கிற கிளை எல்லாம் போகும். மிச்சமிருக்கிற இலையையும் உருவிவிடுகிறவர்கள் உண்டு. பார்க்கிறவருக்கு வயிறெரியும், அப்படி மொட்டையாக நிற்கும் தோட்டம்.

பத்துப் பதினைந்து நாளில் கிட்டப் போய்க் குனிந்து பாருங்கள். வெட்டுப்பட்ட குச்சியில் கணுவுக்கு இரண்டு பக்கமும் ஜோடியாக முளை தெரியும், அரிசி அளவுக்கு. அது நீண்டு, மூன்று நாலு ஜோடி இலை விட்டு, நுனியில் மூன்று மொட்டு வைக்கும். நடுவில் இருப்பதுதான் மூத்தது. அது முதலில் பருத்து வெளுக்கும். பக்கத்து இரண்டும் பச்சையாகவே காத்திருந்து, பிறகு ஒவ்வொன்றாக முறை வாங்கிக்கொள்ளும். அனுபவப்பட்ட விரல்கள் நடுமொட்டைக் கிள்ளும்போது பக்கத்து மொட்டுகளைத் தொடுவதே இல்லை. புதுக் கை என்றால் மூன்றும் சேர்ந்து வந்துவிடும். அடுத்த இரண்டு நாள் பூ அந்தக் கிளையில் போச்சு.

தோட்டத்தில் செடிக்குச் செடி, வரிசைக்கு வரிசை 1.25 மீட்டர் விடுகிறார்கள். ஏக்கருக்குச் சுமார் 2,500 செடி. குழிக்குப் பத்துக் கிலோ தொழு உரம். தண்ணீர் வடிகிற செம்மண் பாங்கான நிலம்தான் இதற்குப் பிடித்தது. களிமண்ணில் தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும். நட்ட ஆறு மாதத்தில் பூ காட்டும், இரண்டாம் வருடத்திலிருந்துதான் காசு. பராமரித்தால் பத்துப் பன்னிரண்டு வருடம் தாங்கும்.

நாற்று எங்கிருந்து வருகிறது என்பது மதுரைக்காரர்களே பலர் யோசிக்காத விஷயம். ராமேசுவரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடம் பக்கத்து மணல் பூமியில் வேர்விடவைத்த குச்சிகள் கட்டுக் கட்டாக மதுரை, திண்டுக்கல் தோட்டங்களுக்கு வருகின்றன. மணலில் வேர் முறியாமல் பிடுங்கலாம், அது ஒரு வசதி. குண்டுமல்லி விதை பிடிப்பது அபூர்வம் என்பதால் குச்சியும் பதியனும்தான் வழி. தாய்ச்செடியின் அச்சு அசலான நகல்களாக ஏக்கர் கணக்கில் நிற்கின்றன. வாசனை மாறாது, அது நல்லது. ஒரு புழுவுக்கு ஒரு செடி பிடித்துப்போனால் அத்தனை செடியும் பிடித்துப்போகும், அது கெட்டது.

> எந்த மல்லி உங்கள் மல்லி?
>
> குண்டுமல்லி: சரத்துக்கும் மாலைக்கும் இதுதான் ராஜா. மதுரை மல்லி என்று புவிசார் குறியீடு பெற்றதும் இந்த வகையே.
>
> இருவாட்சி: அடுக்கடுக்காக இதழ். வீட்டுத் தொட்டிக்கு அழகு. மண்டியில் அதிகம் வராது.
>
> ஜாதிமல்லி: தென்மாவட்டங்களில் பிச்சி. பிரான்ஸின் கிராஸ் நகரம் வாசனைத் திரவியத்துக்குப் பேர்போனது இந்த இனத்தாலும்தான்.
>
> முல்லை: சத்தியமங்கலம் வட்டாரத்தின் பிழைப்பு.
>
> காக்கட்டான்: வாசனை குறைவு. மல்லி தூங்குகிற பனிக்காலத்தில் இது விழித்திருக்கும் என்பதுதான் இதன் சிறப்பு.
>
> நட்சத்திர மல்லி: வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 ரகம். ஆண்டு முழுவதும் பூக்கும்.

தேதியில் ஒரு சூதாட்டம்

தையில் விலை இருக்கிறது என்று தெரிந்த விவசாயி சும்மா இருப்பாரா? நவம்பருக்குப் பதிலாகச் செப்டம்பர் கடைசியிலேயே வெட்டிவிட்டால், தளிர் ஓடி மொட்டு வைக்கிற நேரம் மார்கழி, தையில் வந்து விழும். கணக்கு சரிதான். பல்கலைக்கழகமும் பருவமில்லாப் பருவத்தில் பூக்கவைக்க இந்த வழியைச் சொல்கிறது.

ஆனால் செப்டம்பரில் வெட்டினால் இளந்தளிர் வெளியே வருகிற நேரத்தில் வடகிழக்குப் பருவமழை வந்து தலையில் விழும். தண்ணீர் நின்றால் வேர் அழுகல். மழை தப்பினால் பனி. பனி தப்பினால் மேகமூட்டம். இவை எல்லாவற்றையும் தாண்டி மொட்டு வந்தால் அதிர்ஷ்டம். ஒரே தோட்டத்தைப் பாகம் பிரித்து, ஒரு பாகத்தை முன்கூட்டி வெட்டி, மிச்சத்தைப் பழைய தேதிக்கே விட்டுவைப்பதுதான் விவரம் தெரிந்தவர்கள் செய்வது. அதற்கு நிலமும் ஆளும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். அரை ஏக்கர் வைத்திருப்பவர் எதைப் பிரிப்பார்?

இங்கேதான் "கிலோ மூவாயிரம்" என்கிற தலைப்புச் செய்தி நம்மை ஏமாற்றுகிறது. ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். தையில் ஒரு ஏக்கரில் நாளுக்கு ஒரு கிலோ தேறினால் 3,000 ரூபாய். சித்திரையில் அதே ஏக்கரில் நாற்பது கிலோ விழுந்து, கிலோ 150 என்று போனால் 6,000. விலை இருபது மடங்கு விழுந்தும் வசூல் இரட்டிப்பாகிறது. உச்ச விலை வந்த வாரத்தில் மல்லி விவசாயி பணக்காரராகிவிட்டார் என்று நினைக்காதீர்கள். விற்க அவரிடம் பூ இல்லாததால்தான் அது உச்ச விலை. பொதுவாகப் பத்து சதவீதம் கமிஷன் கடைக்குப் போகும். முன்பணம் வாங்கியிருந்தால் அதே கடைக்குத்தான் பூவைக் கொண்டுபோக வேண்டும், பக்கத்துக் கடையில் என்ன விலை கூவினாலும்.

இருட்டில் பறிக்கிறவர்களின் கணக்கு

மல்லி பறிப்பு விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிற வேலை. வெயில் ஏறுவதற்குள் பூ மண்டியில் இருக்க வேண்டும். அன்று சாயங்காலம் விரியப்போகிற மொட்டைத்தான் பறிக்க வேண்டும். பச்சை மொட்டு விரியாது, நேற்று விரிந்த பூ விலை போகாது. நெற்றியில் கட்டிய டார்ச் வெளிச்சத்தில் வெள்ளையையும் பச்சையையும் பிரித்துப் பார்த்துக் கிள்ளுகிறார்கள். இடுப்பில் துணி மடி, காலடியில் என்ன ஊர்கிறது என்று தெரியாத வரப்பு. செடி இடுப்பளவுதான் இருக்கும் என்பதால் நேரம் முழுக்கக் குனிவு.

ஒரு கிலோ சேர ஆயிரக்கணக்கில் மொட்டு வேண்டும். கூலி பெரும்பாலும் கிலோ கணக்கில். சித்திரையில் செடி வெள்ளையாக நிற்கும்போது கை ஓடும், கூலியும் சேரும். மார்கழியில் ஒரு செடிக்கு ஒரு மொட்டு என்று தேடித் தேடிக் கிள்ள வேண்டும். அதே குனிவு, அதே இருட்டு, அதற்கு மேல் பனி. மடியில் விழுவது கால் கிலோ. சந்தையில் விலை பறக்கிற மாதத்தில்தான் பறிக்கிறவர் கையில் காசு குறைகிறது. அப்படிப்பட்ட நாட்களில் ஆள் வராமல், வீட்டில் இருக்கிறவர்களே பள்ளிக்கூடம் போகிற பிள்ளை உட்பட இறங்கிப் பறிப்பதும் நடக்கிறது.

அடுத்த கை, கட்டுகிறவர்களுடையது. மதுரையில் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டே கண் பார்க்காமல் பூக் கட்டும் பெண்களின் விரல் வேகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கும் கூலி கட்டிய அளவுக்குத்தான். வரத்து குறைந்தால் கட்ட என்ன இருக்கிறது? கிலோ கணக்கில் வாங்கி முழக் கணக்கில் விற்கிற தெரு வியாபாரிக்கோ இன்னொரு சங்கடம். வாங்குகிறவர் இருபது ரூபாயோ முப்பது ரூபாயோ ஒரு தொகையை மனதில் வைத்துக்கொண்டு வருகிறார். அதற்கு மேல் சொன்னால் நடந்துவிடுவார். ஆகவே விலை ஏறுவதில்லை, முழம் சுருங்குகிறது. விரல் நுனியிலிருந்து முழங்கை வரை போக வேண்டிய அளவு மணிக்கட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடுகிறது. மொட்டுகளுக்கு நடுவே நூல் தெரிகிற மாதிரி இடைவெளி விட்டுக் கட்டுவதும் உண்டு. திட்டுகிறோம். அவர் காலையில் வாங்கியது சாயங்காலத்துக்குள் விற்காவிட்டால் மறுநாள் குப்பை என்பதையும் சேர்த்துக்கொண்டு திட்டினால் நியாயம்.

சித்திரையில் வேறு அழுகை

செடியின் பஞ்சாங்கமும் மதுரையின் பஞ்சாங்கமும் ஒத்துப்போகிற மாதம் ஒன்று உண்டென்றால் அது சித்திரை. மீனாட்சி கல்யாணத்துக்குச் செடி தானாகவே பூத்து நிற்கும். யாரும் முன்கூட்டி வெட்ட வேண்டாம், குளிரோடு மல்லுக்கட்ட வேண்டாம். திருவிழா முடிந்து முகூர்த்தம் இல்லாத வாரம் வந்தால்தான் சிக்கல். சாக்குச் சாக்காக வருகிற பூவை வாங்க ஆள் இல்லை. நெல்லைப் போல மூட்டை கட்டிப் போட்டுவைக்க முடியாது. சாயங்காலம் அது விரிந்தே தீரும்.

அந்த நேரத்தில் கை கொடுப்பது நிலக்கோட்டை வட்டாரத்து வாசனை ஆலைகள். மொட்டாக வாங்கித் தரையில் பரப்பி, இரவு மலர்ந்து வாசனை ஏறிய பிறகு ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து எடுக்கிறார்கள். மெழுகு மாதிரி இறுகிக் கிடைப்பதை அவர்கள் கான்க்ரீட் என்பார்கள். ஒரு கிலோ கான்க்ரீட்டுக்கு அரை டன்னுக்கு மேல் பூ வேண்டும். அதைச் சுத்தப்படுத்தி எடுக்கிற அப்ஸல்யூட் வெளிநாட்டு சென்ட் கம்பெனிகளுக்குப் போகிறது. ஆலை கொடுக்கிற விலை சரம் கட்டுகிற விலைக்குக் கிட்டே நிற்காது. ஆனால் ஆலை இல்லாவிட்டால் அந்தப் பூ ரோட்டோரம்தான் கொட்டிக்கிடக்கும். என் கணிப்பில் மல்லி விவசாயியை உண்மையில் காப்பாற்றக்கூடியது தையின் உச்ச விலை அல்ல. வைகாசியில் ஒரு அளவுக்குக் கீழே இறங்காத விலைதான். அதைப் பற்றித்தான் யாரும் தலைப்புச் செய்தி போடுவதில்லை.

2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு வந்தது, விலைக்கு வரவில்லை. சென்னையில் எந்த பஸ் ஸ்டாண்டிலும் கூடையில் இருப்பது எந்த ஊர்ப் பூவாக இருந்தாலும் "மதுர மல்லி" என்றுதான் கூவுவார்கள். 2023-24 வேளாண் நிதிநிலை அறிக்கையில் மதுரை மல்லிக்கென்று தனி இயக்கம் அறிவித்து, ராமநாதபுரத்து நாற்றை மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர் பக்கம் கொண்டுபோகும் திட்டத்தை அரசு சொன்னது. நாற்று கூடினால் பூ கூடும். எந்த மாதத்தில் கூடும் என்பதைப் பொறுத்துத்தான் அது வரமா, இன்னொரு சித்திரைச் சுமையா என்பது.

> வாசனை மொட்டுக்குள் இல்லை
>
> காலையில் பறித்த மொட்டை முகர்ந்து பாருங்கள், பச்சை வாடைதான் வரும். மல்லி தன் வாசனையை முன்கூட்டிச் சேர்த்துவைப்பதில்லை. இதழ் விரிகிறபோதுதான் உண்டாக்கி வெளியே விடுகிறது, அதுவும் இருட்டிய பிறகு. பென்சைல் அசிடேட், லினலூல், இண்டோல் என்று பல பொருட்களின் கூட்டு அது. இண்டோல் தனியாக இருந்தால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டிய நாற்றம். மற்றவற்றோடு துளி சேர்ந்தால் மல்லிக்கு அந்தக் கிறக்கம் வருகிறது. குளிரில் விரிவது தாமதமாகும் என்பதால்தான் வெளியூர் போகிற பூவை ஐஸோடு தெர்மாகோல் பெட்டியில் அடைக்கிறார்கள்.

மருந்தும் மொட்டும்

எல்லாச் செடியும் ஒரே செடியின் நகல் என்று முன்னால் சொன்னதன் விலை இங்கே வருகிறது. மொட்டுப்புழு மொட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்த் தின்னும். மொட்டு ஈ இன்னும் மோசம். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்ன ஈ முட்டையிட்டு, புழு மொட்டின் அடியில் இருந்துகொள்ளும். அடிப்பாகம் வீங்கி, மொட்டு ஊதாவாக மாறி, விரியாமலே உதிரும். மண்டியில் ஒரு பிடியை அள்ளிப் பார்க்கிற கை தேடுவது இந்த ஊதாவைத்தான். கோடை வறட்சியில் இலையின் அடிப்பக்கம் சிவப்புச் சிலந்தி.

மல்லி தினமும் பறிக்கிற பயிர். இன்று மருந்தடித்தால் நாளைக்குக் காலை பறித்தாக வேண்டும், அடுத்த நாளும் பறித்தாக வேண்டும். மருந்து அடங்கக் காத்திருக்கிற இடைவெளி என்று ஒன்றை இந்தப் பயிருக்குள் நுழைப்பது கஷ்டம். காய்கறியில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று நாலு பேராவது கேட்கிறார்கள். பூ தின்கிற பொருள் இல்லையே என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்தச் செடிக்குள் விடியற்காலையில் வெறுங்கையோடு நுழைகிறவர் இருக்கிறார். ஈர மொட்டைப் பல்லிடுக்கில் நூலைப் பிடித்துக்கொண்டு கட்டுகிறவரும் இருக்கிறார். நானும் பல வருடங்களாகப் பூ வாங்குகிறேன், இந்தக் கேள்வியை ஒரு கடையிலும் கேட்டதில்லை.

மொட்டு ஈயின் புழு மொட்டை விட்டு மண்ணில் விழுந்துதான் கூட்டுப்புழுவாகிறது. ஆகவே ஊதா மொட்டுகளைப் பொறுக்கி அழிப்பதும் அடிமண்ணைக் கிளறிவிடுவதும் மருந்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள். செலவில்லாத வேலை, ஆனால் ஆள் வேண்டிய வேலை. அதனால்தான் கைத்தெளிப்பான் முந்திக்கொள்கிறது.

மாடியில் ஒரு செடி

கிலோ மூவாயிரத்தைப் பார்த்து மிரண்டு, "நாமே வளர்த்தால் என்ன" என்று நர்சரிக்குக் கிளம்புகிறவர்கள் பொங்கல் வாரத்தில் நிறையப் பேர். நல்ல யோசனை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மண்டியில் மல்லி இல்லாத மாதத்தில் உங்கள் மாடியிலும் இருக்காது. பங்குனியில் தலை நிறைய வைத்துக்கொள்ளலாம், அப்போது தெருவிலும் மலிவாகத்தான் கிடைக்கும். சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரத்தில் மாடியிலிருந்து வாசனை இறங்கி வருகிறதே, அதற்காக வளர்க்கிறவர் ஏமாற மாட்டார்.

முதலில் வெயில். நாளுக்கு ஆறு மணி நேரம் நேர் வெயில் இல்லாத பால்கனியில் மல்லி கொடி மாதிரி நீண்டு இலையாகத் தழைக்கும், பூக்காது. "செடி நல்லா வளருது, பூதான் இல்ல" என்று சொல்கிற வீடுகளில் பத்தில் எட்டு இந்த ரகம். அந்த இடத்துக்கு வெற்றிலையோ மணிப்ளான்டோ போதும்.

தொட்டி 12 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அடியில் ஓட்டை அடைபடாமல் இருக்க வேண்டும். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் கலந்து நிரப்புங்கள். கோகோபீட்டை மட்டும் நம்பி வைத்தால் மழைக்காலத்தில் ஈரம் வடியாது. தண்ணீர் தினமும் ஊற்றுவது கடமை என்று வைத்துக்கொள்ளாதீர்கள். விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். மொட்டு பருக்கிற நாட்களில் மட்டும் காயவிடக் கூடாது, விட்டால் மொட்டு பழுத்து உதிரும்.

தழைச்சத்து அதிகம் போனால் இலைதான். ஊறவைத்த கடலைப் புண்ணாக்குத் தண்ணீரை வாரா வாரம் ஊற்றிவிட்டுப் பூவுக்குக் காத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மாதம் ஒரு முறை, நன்றாக நீர்த்து, போதும். தோட்டத்துப் பயிருக்குப் பல்கலைக்கழகம் சொல்கிற அளவிலேயே தழைச்சத்து செடிக்கு 60 கிராம், மணிச்சத்தும் சாம்பல் சத்தும் 120 கிராம் வீதம். அந்த அளவு தொட்டிக்கு இல்லை, விகிதத்தை மட்டும் பாருங்கள். எலும்புத் தூளும் கொஞ்சம் அடுப்புச் சாம்பலும் அதற்காகத்தான்.

ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் பூத்த நுனிகளை இரண்டு ஜோடி இலைக்குக் கீழே, கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக நறுக்கிவிடுங்கள். நாலு நாள் தண்ணீரைக் குறைத்து, பிறகு உரம் வைத்து நன்றாக நனையுங்கள். அடுத்த சுற்றுக்குத் தளிர் கிளம்பும். கோடையில் இதை இரண்டு மூன்று முறை செய்யலாம். நர்சரியில் வாங்கும்போது மொட்டு நிறைய இருக்கிற செடியைத் தேடுகிறோம், அதற்குப் பதிலாக அடியிலிருந்தே நாலைந்து கிளை பிரிந்த குட்டைச் செடியை எடுங்கள்.

> இலை மஞ்சளா? எப்படி மஞ்சள்?
>
> பனிக்காலத்தில் அடி இலை முழுசாக மஞ்சளாகி விழுந்தால், விடுங்கள், அது வழக்கம்.
>
> நுனித் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. போர் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில் இது சகஜம். அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் கரைத்துச் சாயங்காலத்தில் இலையில் தெளிக்கலாம்.
>
> இலை வெளிறி, அடியில் நூலாம்படை மாதிரி தெரிந்தால் சிலந்தி. இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல்.
>
> செடி மொத்தமும் வாடி மண் ஈரமாக இருந்தால் வேர் போய்விட்டது. நல்ல கிளை ஒன்றிரண்டை வெட்டி மணலில் நட்டுப் பாருங்கள், தாய்ச்செடியை விட்டுவிடுங்கள்.

கடல் தாண்டியும் இதே செடி

விதை பிடிக்காத செடி உலகம் சுற்றுகிறது என்றால் மனிதக் கைதான் கொண்டுபோயிருக்க வேண்டும். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-ல் இதற்குப் பெயர் வைத்தபோது பவழமல்லியின் பேரினத்தில் சேர்த்துவிட்டார். 1789-ல்தான் மல்லி மல்லியானது. பிலிப்பைன்ஸ் 1934-ல் இதைத் தன் தேசியப் பூவாக அறிவித்தது, இந்தோனேசியா 1993-ல். சீனாவின் குவாங்சி தன்னாட்சிப் பகுதியில் இருக்கிற ஹெங்ஜோவில் இதே மொட்டைத் தேயிலையோடு கலந்து இரவெல்லாம் மலரவிட்டு, வாசனையைத் தேயிலை குடித்த பிறகு பூவைச் சலித்து எடுத்துவிடுகிறார்கள். அங்கே பூவின் பெரிய வாடிக்கையாளர் தேயிலைக்காரர். கல்யாண முகூர்த்தத்தை நம்பி அந்த விவசாயி இல்லை. கர்நாடகத்தின் உடுப்பி மல்லியும் புவிசார் குறியீடு பெற்றதுதான். அங்கே அது வீட்டைச் சுற்றி இருக்கிற கொஞ்ச இடத்தில் பெண்கள் வளர்க்கிற பயிர்.

இப்போது என்ன செய்யலாம்?

பொங்கலுக்குப் பூ வேண்டும் என்றால் காக்கட்டானையோ நட்சத்திர மல்லியையோ கேட்டு வாங்கலாம். வாசனையில் மல்லிக்கு ஈடு இல்லை என்பது உண்மை. ஆனால் இந்த மாதத்தில் பூப்பது அவற்றின் இயல்பு, விலையும் அதற்குத் தகுந்தாற்போல் இருக்கும். கேட்கிறவர் கூடினால் கொண்டுவருகிறவரும் கூடுவார்.

வீட்டுச் செடியை இன்னும் வெட்டாதவர்கள் தை பிறந்த கையோடு வெட்டிவிடலாம். நவம்பர் தேதி தவறிவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம், பூ கொஞ்சம் தள்ளி வரும், அவ்வளவுதான். வெட்டிய குச்சிகளில் பென்சில் பருமன் இருப்பதை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, ஈர மணலில் நிழலில் நட்டுவையுங்கள். எல்லாம் பிழைக்காது. பதியன் இன்னும் நிச்சயம். வெயில் ஏறியதும் தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, கணுவுக்கு அடியில் பட்டையை லேசாகச் சீவி, பக்கத்துத் தொட்டி மண்ணில் புதைத்து மேலே ஒரு கல்லை வையுங்கள். வேர் பிடிக்க இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை தோண்டிப் பார்க்கக் கூடாது. வேர் விட்டபின் தாயிடமிருந்து அறுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். அவர்கள் வீட்டில் ஆறு மணி நேரம் வெயில் விழுகிறதா என்று மட்டும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.